ஒழுங்கு யாருடைய பொறுப்பு? செயல்வரிசைக் குறைபாட்டுடன் வாழ்வோர் குறித்து ஓர் ஆய்வு

செய்ய வேண்டியது இன்னதென்று அறிந்திருந்தும், அதைச் செய்யும் விருப்பமும் அதற்கு வேண்டிய அறிவும் உடல்வலுவும் இருந்தும், எதை முதலில் எடுப்பது, எதை அடுத்துச் செய்வது, எந்த இடத்தில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு மாறுவது என்பதில் நாள்தோறும் தடுமாறுகிறவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இவர்களுக்கு வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் வசைச்சொற்களே: சோம்பேறி, பொறுப்பில்லாதவன், மறதிக்காரி, எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவள். உளவியலும் நரம்பியலும் இத்தடுமாற்றத்தை இரண்டு கூறுகளாகப் பிரித்து நோக்குகின்றன. ஒரு செயலின் படிகளை உரிய முறையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க இயலாமை செயல்வரிசைக் குறைபாடு. பல செயல்களையும் பொருள்களையும் நேரத்தையும் ஒருங்கே திட்டமிட்டு நடத்த இயலாமை ஒழுங்கமைப்புத் திறன் குறைபாடு. இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுவதால் அவற்றை இங்கே ஒன்றாக வைத்து, அறிவியல் இதுவரை கண்டவற்றையும், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், கிருஷ்ணன்கோவில் சூழ்ந்த விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி போன்றதொரு வட்டாரத்தில் அவற்றின் பொருள் என்ன என்பதையும் ஆராயலாம்.

முதலில் தெளிய வேண்டியது, இது தனி நோயன்று என்பதாகும். வெவ்வேறு நிலைகள் வந்து சேரும் பொதுவான இடம் இது. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சிக்கல் உள்ள டிஸ்லெக்சியா, உடல் அசைவுகளைத் திட்டமிட்டு இணைப்பதில் சிக்கல் உள்ள டிஸ்பிராக்சியா, கவனத்தை நிறுத்தவும் உந்துதலை அடக்கவும் கடினமாக இருக்கும் ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், தலைக்காயம், பக்கவாதம் ஆகிய எல்லாவற்றிலும் வரிசை தப்பும் துன்பம் ஏதேனும் ஓர் அளவில் காணப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகளுள் ஒன்றாக, அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய பணிகளைக் கையாள முடியாமை, உடைமைகளை ஒழுங்காக வைத்திருக்க முடியாமை, கெடு தவறுதல் ஆகியவற்றை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. டிஸ்லெக்சியாவின் வரையறையில் இவை இடம்பெறுவதில்லை. ஆனால் டிஸ்லெக்சியா உள்ளவர்களோடு வாழ்கிறவர்கள், வாசிப்பைவிடவும் இதையே பெரிய சிக்கலாகச் சொல்வது உண்டு. 2007-இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படம் டிஸ்லெக்சியாவை இந்திய வீடுகளுக்கு அறிமுகம் செய்தபோது, எழுத்துகள் இடம்மாறுவதோடு நில்லாமல், பக்கம், பாடம், பத்தி என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லும் கட்டளைகளைச் சிறுவனால் பின்தொடர முடியாமற்போவதையும் காட்டியது. பார்வையாளர்களின் நினைவில் நின்றது எழுத்துச் சிக்கல் மட்டுமே.

வரிசை என்பது மூளைக்கு ஏன் கடினமான வேலை என்னும் கேள்வியை முறைப்படி எழுப்பியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி. ஒரு செயல் அடுத்த செயலைத் தூண்டிவிடும், அது அதற்கடுத்ததைத் தூண்டும் என்று அக்காலத்தவர் நம்பியிருந்ததை 1951-இல் வெளியான தம் கட்டுரையில் அவர் மறுத்து, பேச்சாயினும் இசையாயினும் செயல் தொடங்குமுன்பே அதன் முழுத்திட்டமும் மூளையில் உருவாகிவிட வேண்டும் என்று வாதிட்டார். அத்திட்டத்தை நிறைவேறும் வரை ஏந்தி வைத்திருப்பது எது என்பதற்கு ஆலன் பாட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974-இல் விடை தந்தனர். சில நொடிகளுக்குத் தகவலைப் பிடித்துவைத்துக்கொண்டே அதன்மேல் வேலையும் செய்யும் இவ்வசதியைச் செயல்நினைவு என்பர். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. ஏறத்தாழ ஏழு உருப்படிகள் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் சொன்னதைப் பிற்கால ஆய்வுகள் நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டன. எல்லோருக்கும் குறுகிய அவ்விடம் சிலருக்கு இன்னும் குறுகியிருப்பதே அவர்களுடைய துன்பத்தின் ஒரு பகுதி. செயல்நினைவோடு, உந்துதலை அடக்கும் திறனும், சூழலுக்கேற்ப மனத்தை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வும் சேர்ந்த தொகுதியைச் செயல்நிர்வாகத் திறன்கள் என்று அழைக்கிறார்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதியை மையமாகக் கொண்ட இத்திறன்கள் குழந்தைப் பருவத்தில் தொடங்கி இருபது வயதுக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டே இருப்பவை.

இத்திறன்கள் அறிவுக்கூர்மையிலிருந்து வேறானவை என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய நரம்பறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, தம் சொந்தத் தமக்கையின் மூளைக்கட்டியை 1928-இல் அறுவை செய்தபோது வலது முன்மூளையின் பெரும்பகுதியை நீக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் அவருடைய பேச்சும் நினைவும் பண்பும் சிதையவில்லை. ஓராண்டுக்கும் மேலான பின், விருந்தினர் ஒருவருக்கும் குடும்பத்தினர் நால்வருக்கும் எளிய இரவு உணவு சமைக்க முற்பட்டார். பகல் முழுவதும் நேரம் இருந்தும், உணவு வேளையில் பொருள்கள் எல்லாம் அடுக்களையில் இருந்தும், ஒன்றிரண்டு மட்டும் அடுப்பேறியிருக்க, இறைச்சி தொடங்கப்படாமலே கிடந்தது. அவரோ களைத்துக் கலங்கி நின்றார். பென்ஃபீல்டும் ஜோசப் எவான்சும் இதை 1935-இல் பதிவுசெய்தனர். ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியே சமைக்கத் தெரிந்தவருக்கு, அவற்றைச் சேர்த்துச் சமைக்க முடியவில்லை. அரிசி வேகும் நேரத்தில் பருப்பைக் கடைந்து, காய் நறுக்கி, புளி கரைத்து, ரசம் கொதிக்குமுன் தாளிதத்துக்கு எண்ணெய் வைக்கும் தமிழ் அடுக்களையில் இக்குறை எவ்வளவு விரைவில் வெளிப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அது மூளையின் குறையாகக் கருதப்படாமல் மருமகளின் குறையாகக் கருதப்படுவதுதான் வேறுபாடு.

பெண்கள் பற்றிய இச்செய்தி தனியே நின்று நோக்கத்தக்கது. ஏ.டி.எச்.டி. குறித்த பழைய ஆய்வுகள் பெரும்பாலும் ஓடித்திரியும் சிறுவர்களைக் கண்டே எழுதப்பட்டவை. அமைதியாக உட்கார்ந்துகொண்டு கவனம் சிதறும் சிறுமிகள் அவற்றில் விடுபட்டனர். பள்ளியில் தொந்தரவு தராத சிறுமி கண்டறியப்படாமலே வளர்ந்து, மணமாகி, ஒரு வீட்டின் பால் கணக்கு, ரேஷன், குழந்தையின் வீட்டுப்பாடம், மாமனாரின் மருந்துவேளை, உறவினர் வீட்டு விசேஷங்களின் நாள் ஆகிய அனைத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பைத் திடீரென்று ஏற்கிறாள். அவள் கணவனுக்கும் அதே குறைபாடு இருக்கலாம்; அவனுக்கு மறதிக்காரன் என்னும் செல்லப்பெயரோடு போய்விடுகிறது. குடும்பத்தின் ஒழுங்கைத் தாங்கும் வேலை ஒரே தலையில் சுமத்தப்படும் வரை, அத்தலைக்கு அது இயலாதபோது பழியும் அங்கேயே சுமத்தப்படும்.

தமிழ்மொழியின் அமைப்பும் இவ்விடத்தில் கருதப்பட வேண்டும். வினையெச்சங்களை ஒன்றோடொன்று கோத்து இறுதியில் ஒரே முற்றுவினையால் முடிப்பது நம் மொழியின் இயல்பாதலால், கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு, வரும் வழியில் அத்தை வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, வந்து குளித்துவிட்டுப் படி என்று ஆறு ஏவல்களை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட முடிகிறது. சொல்பவருக்கு அது ஒரு வாக்கியம். கேட்கும் குழந்தைக்கு அது செயல்நினைவின் கொள்ளளவைத் தாண்டிய சுமை. பால் வாங்கியதோடு திரும்பிவந்து நிற்கும் குழந்தை அடங்காப்பிடாரி என்று ஏச்சு வாங்குகிறது. எழுத்திலும் இதற்கிணையான இடர் உண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் உயிரொலி பின்னே ஒலிக்க, அதன் குறி முன்னே எழுதப்படுகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. காதில் விழும் வரிசையும் கையெழுதும் வரிசையும் மாறுபடும் இவ்விடங்கள், வரிசையிலேயே இடர்ப்படும் குழந்தைக்குக் கூடுதல் தடைகளாக அமையக்கூடியவை. பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்தவர்கள், 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் மெய்யை முதலில் அடிக்கப் பழக வேண்டியிருந்தபோது உணர்ந்த சிரமம், இக்குழந்தைகள் நாள்தோறும் உணர்வதன் ஒரு சிறு சாயல்.

பழகப் பழகச் செயல் தானே நடக்கத் தொடங்குவதை இயல்பு என்று கொள்கிறோம். இங்கிலாந்தின் ரோடெரிக் நிகல்சனும் ஆஞ்சலா ஃபாசெட்டும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, டிஸ்லெக்சியா உள்ள சிறுவர்கள் வெறுமனே ஒரு கட்டையின்மேல் சமநிலையாக நிற்கும்போது மற்றவர்களுக்கு இணையாக நின்றதையும், அதோடு எண்ணவும் சொன்னபோது தடுமாறியதையும் காட்டி, பழக்கம் தன்னியக்கமாக மாறுவதிலேயே இவர்களுக்குக் குறை என்று முடிவுகட்டியது. சிறுமூளையே அதற்குக் காரணம் என்று அவர்கள் பின்னர் வாதிட்டனர். சிறுமூளைக் கொள்கையை இன்று பலர் ஏற்பதில்லை. பேச்சொலிகளைப் பிரித்தறிவதில் உள்ள குறையே டிஸ்லெக்சியாவின் வேர் என்னும் கருத்துக்கே ஆதரவு மிகுதி. எனினும் அவ்வாய்வு காட்டிய உண்மை ஒன்று பயனுள்ளது: இவர்கள் வெளியே இயல்பாகத் தோன்றும் நேரத்திலும் உள்ளே கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கக்கூடும். மாலையில் வீடு திரும்பும் குழந்தையின் எரிச்சலுக்கும் களைப்புக்கும் காரணம் தேடுவோர் இதை மறக்கலாகாது.

தமிழ் மரபு ஒழுங்கைத் தலைக்குள் தாங்குவதைப் பெரிதும் போற்றி வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை 1907-இல் சென்னை விக்டோரியா பொதுமன்றத்தில் நிகழ்த்திக்காட்டிய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் இன்றும் வியந்து பேசப்படுகிறார், அவ்வியப்பு நியாயமானதே. ஆனால் அதே மரபு, தாங்க முடியாதவர்களுக்கான ஏற்பாடுகளையும் தன்னுள் கொண்டிருந்ததைக் காணத் தவறுகிறோம். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாக அமையும் அந்தாதி, வரிசையை நினைவிலிருந்து பாட்டுக்குள்ளேயே இடம்மாற்றி வைக்கும் உத்தி. திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் அருளிய திருப்பாவையின் முப்பது பாசுரங்கள் மார்கழியின் நாளுக்கொன்றாக ஓதப்படுவதால், இன்று எந்தப் பாட்டு என்பதை நாட்காட்டியே சொல்லிவிடுகிறது. இராசபாளையத்தின் நூற்பாலைகளில் பஞ்சு புளோ ரூமில் தொடங்கி, கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று செல்லும் வரிசை இயந்திரங்களின் இருப்பிலேயே பொதிந்திருக்கிறது. அதை எந்தத் தொழிலாளியும் மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இக்குறைபாட்டின் கடுமை மூளையை மட்டும் சார்ந்ததன்று, ஒழுங்கு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சார்ந்தது. தலைக்குள் வைக்கச் சொல்லும் இடத்தில் தோற்பவர், அது வெளியே வைக்கப்பட்ட இடத்தில் தோற்பதில்லை. இவ்வாய்வின் மையக் கருத்து இதுவே.

இந்தக் கண்கொண்டு பார்த்தால், கிருஷ்ணன்கோவில் போன்ற ஊர்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்கும் கலசலிங்கம் கல்வி நிறுவனத்தால் மதுரை–கொல்லம் சாலையோரத்துச் சிற்றூர் ஒரு மாணவர் ஊராகிவிட்டது. அந்நிறுவனம் செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மாணவர்களுக்குத் தனிப் பொறியியல் வகுப்புகள் நடத்தி வந்ததற்காக அறியப்பட்டது. கற்பவரின் தேவைக்கேற்பக் கல்லூரி தன்னை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அது உள்ளூர்ச் சான்று. வெளியே தெரியாத குறைபாடுகளின் நிலை, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பொதுவாக, அவ்வாறில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவனின் நாளைக் காலை டியூஷன், பள்ளி மணி, மாதத்தேர்வு, தாயின் எழுப்புதல் ஆகியவை வரிசைப்படுத்திக் கொடுத்தன. விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே அவ்வளவும் ஒருசேர விலகுகின்றன. துணி துவைப்பது, மெஸ் நேரத்துக்குள் எழுவது, ஆய்வகப் பதிவேட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுபோவது, அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் முடிப்பது, தேர்வுக் கட்டணம் செலுத்துவது எல்லாம் பதினெட்டு வயதில், முன்மூளை இன்னும் முதிராத நிலையில், அவன் பொறுப்பாகின்றன. பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒருவன் மூன்றாம் பருவத்திற்குள் ஐந்து அரியர் சேர்த்துவிட்டால், கெட்ட சகவாசம் என்றும் கைப்பேசி என்றும் காரணம் சொல்கிறார்கள். சிலரிடத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். வேறு சிலரிடத்தில், பிறர் தாங்கியிருந்த ஒழுங்கு அகன்றதும் அதுவரை மறைந்திருந்த குறைபாடு வெளிப்பட்டிருக்கிறது என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே.

பள்ளி நிலையில் சில நற்பணிகள் நடந்துள்ளன. 1990-களின் தொடக்கத்திலிருந்து சென்னை டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர் பயிற்சியிலும் சிறப்புக் கல்வியிலும் ஈடுபட்டு வருகிறது. டிஸ்லெக்சியா சான்று பெற்ற மாணவர்களுக்குத் தமிழக அரசுப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டமான ஆர்.பி.எஸ்.கே. கண்டறியப்பட வேண்டிய முப்பது நிலைகளுள் கற்றல் குறைபாட்டையும் ஏ.டி.எச்.டி.யையும் சேர்த்திருக்கிறது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அடிப்படைத் திறன்களை உறுதிசெய்ய முயல்கிறது. இவை பெரும்பாலும் எழுத்தையும் எண்ணையும் குறிவைத்தவை. புத்தகப்பையை அடுக்கவும், ஒரு வாரத்துக்குப் பின் வரும் தேர்வுக்கு இன்று என்ன படிப்பது என்று தீர்மானிக்கவும் கற்பிக்கும் பாடவேளை எந்த வகுப்பிலும் இல்லை. அது தானே வந்துவிடும் என்று கருதப்படுகிறது.

சட்டத்தின் நிலை சற்று விந்தையானது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த ஊனவகைகளை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றாக விரித்து, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. அதன் வரையறையில் டிஸ்லெக்சியாவோடு டிஸ்பிராக்சியாவும் பெயர்சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே வரையறை, பேச்சிலும் எழுத்திலும் உள்ள மொழியைக் கையாளும் குறையாகவே எல்லாவற்றையும் விளக்குகிறது; எனவே மொழியும் கணக்கும் நன்றாக வரும் ஒருவர், நாளைத் திட்டமிடுவதில் எவ்வளவு துன்புற்றாலும், அதன் வாசலில் நின்றுவிடுகிறார். ஏ.டி.எச்.டி. பட்டியலிலேயே இல்லை. 2018 சனவரியில் வந்த வழிகாட்டுநெறிகள் எட்டு வயது நிறைந்த பின் முதற்சான்றும், பதினான்கிலும் பதினெட்டிலும் மறுசான்றும் பெற வேண்டும் என்று வகுத்தன. படிவங்களையும் நாள்களையும் நினைவில் வைக்க முடியாதவர்களும், பல வேளைகளில் அதே குறைபாட்டை உடைய அவர்களின் பெற்றோரும், சலுகைக்காக மும்முறை அலைய வேண்டும் என்பது கருணையற்ற ஏற்பாடு.

உச்ச நீதிமன்றம் இவ்வகையில் சட்டத்தின் நோக்கத்தை விரித்துரைத்தது. கை எழுத முடியாது இறுகிப்போகும் நிலை கொண்ட விகாஷ் குமார் குடிமைப்பணித் தேர்வில் எழுதுபவர் உதவி கேட்டபோது, நாற்பது விழுக்காட்டு வரம்பை எட்டிய ஊனம் இல்லை என்று மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரி 11 அன்று தந்த தீர்ப்பில், நியாயமான இசைவு ஏற்பாடு என்னும் உரிமை அவ்வரம்புக்குக் கட்டுப்பட்டதன்று என்று நீதிமன்றம் அறிவித்தது. நியாயமான இசைவு ஏற்பாடாவது, பெருஞ்சுமையை உண்டாக்காத அளவில் ஒருவருடைய தேவைக்கேற்பச் சூழலைத் திருத்தித் தருதல். இத்தீர்ப்பின் பொருளைக் கல்லூரிகள் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடுதல் நேரம் ஒன்றையே உதவி என்று நினைக்கும் பழக்கமும் மாற வேண்டும். நேரத்தைப் பங்கிடத் தெரியாதவருக்கு மூன்று மணிக்குப் பதில் நான்கு மணி நேரம் கொடுப்பது, வினாத்தாளின் பகுதிகளுக்கு இவ்வளவு இவ்வளவு நேரம் என்று எழுதிக்கொள்ளப் பயிற்றுவிப்பதற்கு ஈடாகாது.

சாலை விபத்தில் தலைக்காயமுற்றோர் இவ்வாய்வில் மறக்கப்படக் கூடாதவர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்துக்குப் பிந்திய முதல் நாற்பத்தெட்டு மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளித்து உயிர்களைக் காக்கிறது. பிழைத்தெழுந்தவர் நடக்கிறார், பேசுகிறார், உறவினரை அடையாளம் காண்கிறார். ஆனால் பழைய வேலையைத் தொடங்கிய பின் எதையும் முடிக்க மாட்டாதவராகிறார். அவருக்கு உதவக்கூடிய ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் அன்றாடச் செயற்பயிற்சி பெருநகரங்களைத் தாண்டி எளிதில் கிட்டுவதில்லை.

எது பயன்தரும் என்பதில் ஆய்வுகள் ஓரளவு தெளிவாக உள்ளன. நினைவாற்றலைப் பெருக்குவதாக விற்கப்படும் கணினி விளையாட்டுகள் அவ்விளையாட்டில் திறமையைக் கூட்டுகின்றனவேயன்றி அன்றாட வாழ்வுக்கு அதைப் பெரிதாகக் கடத்துவதில்லை. ஏ.டி.எச்.டி.க்கு மருத்துவர் தரும் மருந்து கவனத்தை நிறுத்த உதவும். நாளை வகுக்கும் முறையை அது கற்பிக்காது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரித்துரைத்த முறை எளியது: படிப்பேன் என்று உறுதிகொள்வதைவிட, இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவியதும் மேசைக்குச் சென்று கணக்கு நோட்டைத் திறப்பேன் என்று காலத்தையும் இடத்தையும் செயலோடு முடிச்சிட்டு வைப்பவர்களே மிகுதியாகச் செய்து முடிக்கிறார்கள். சாவிக்கும் மருந்துக்கும் அடையாள அட்டைக்கும் மாறாத இடம், சுவரில் படிப்படியாக எழுதிய காலைநேர வேலைகள், ஒரு நேரத்தில் ஓர் ஏவல், பெரிய பணியைத் துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனிக்கெடு, வாரத்துக்கொருமுறை உடனிருந்து திட்டத்தைச் சரிபார்க்கும் ஒருவர் ஆகியவை செலவில்லாதவை. அவற்றை ஊன்றுகோல் என்று இழித்து, சில மாதங்களில் பறித்துவிடுவதே வீடுகளிலும் பள்ளிகளிலும் நிகழும் பெரும்பிழை. கண்ணாடி அணிந்தவரிடம் பார்வை பழகிவிட்டதா, கழற்றலாமா என்று எவரும் கேட்பதில்லை.

கல்லூரிகள் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் முதற்பருவத்தின் எல்லாக் கெடுநாள்களையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரலாம். மூன்றுக்கு மேல் அரியர் சேரும் மாணவரை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்புமுன் உளவியலாளரிடம் அனுப்பலாம். அரசு செய்ய வேண்டியது இதனினும் எளிது. செயல்நிர்வாகத் திறன் குறைபாட்டையும் ஏ.டி.எச்.டி.யையும் ஊனவகைகளுள் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஆறாம் இனம், மத்திய அரசு அறிவிக்கை செய்யும் வேறெந்த வகையையும் சேர்த்துக்கொள்ள ஏற்கெனவே இடமளித்திருக்கிறது.